மஞ்சள் தண்ணீர் வித்தை

மூன்று வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிந்து டெல்லி முழுக்க டெங்குக் காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்துகொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. கரோல் பாக்கில், மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. எனக்கு வீடுதான். எங்களுக்குக் குழந்தை இல்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எல்லோரும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

வித்தை காட்ட ஆரம்பித்ததே ஒரு எரிச்சலில்தான். மே மாதத்து மத்தியானம், கரண்ட் வேறு இல்லை, கட்டடத்துப் பிள்ளைகள் அத்தனையும் என் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. திட்டிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. உள்ளே போய் ஒரு கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் எடுத்துவந்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை அதன்மேல் வைத்து, அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் கையை எடுத்தேன். அட்டையும் விழவில்லை, தண்ணீரும் கொட்டவில்லை. கத்திக்கொண்டிருந்த அத்தனை வாயும் மூடிக்கொண்டன. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அறிவியல் கண்காட்சியில் செய்தது, இத்தனை வருஷம் கழித்து எனக்கு ஒரு மத்தியானத் தூக்கத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது.

தூக்கம் அன்றோடு சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து "மேஜிக் ஆன்ட்டி, தர்வாஸா கோலோ!" என்று கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் திறந்தேன். தட்டுத் தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, சோப்பு தடவிய விரலை நடுவில் வைத்தால் தூளெல்லாம் அலறியடித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடும். பாதி ஒடித்த தீக்குச்சிகளைச் சுற்றி அடுக்கி நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், அவை தாமாக விரிந்து நட்சத்திரம் ஆகும். முட்டையை உப்புத் தண்ணீரில் மிதக்கவிடுகிற வித்தையை மட்டும் காட்டவே மாட்டேன். பாதி வீடுகளில் முட்டை ஆகாது, நமக்கு எதற்கு வம்பு என்று அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேனாக்கும்! வம்பு முட்டையில் வரவில்லை, மஞ்சள்பொடியில் வந்தது.

கீழ் வீட்டில் ஒரு சிறுமி இருந்தாள். ஒன்றாம் வகுப்பு, முன்பல் இரண்டும் விழுந்த பொக்கை வாய். மற்ற பிள்ளைகள் வித்தையைப் பார்த்துக் கைதட்டுவார்கள். இவள் மட்டும் டம்ளருக்கு அடியில் எட்டிப் பார்ப்பாள், என் உள்ளங்கையைப் பிரித்துப் பார்ப்பாள். எப்படி என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அவள் அம்மாவுக்கும் எனக்கும் நல்ல பழக்கம். அங்கே ராஜ்மா வைத்தால் இங்கே ஒரு கிண்ணம் வரும், இங்கே தோசை சுட்டால் அங்கே போகும். அவளுக்கு வேலையிலிருந்து திரும்பத் தாமதமானால், பிள்ளை என் வீட்டில்தான் ஹோம்வொர்க் எழுதும். அவள் அம்மா என்னைத் 'தீதி' என்றுதான் கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம்.

அந்தச் சிறுமியின் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, பொம்மை கேட்கவில்லை, சாக்லேட் கேட்கவில்லை. ஒரு வித்தையின் ரகசியம் வேண்டும் என்றாள்! எனக்கு அப்படியே அள்ளிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மஞ்சள் தண்ணீர் வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். டம்ளரின் அடியில் யாருக்கும் தெரியாமல் துளி சுண்ணாம்பைத் தடவிவைத்துவிட வேண்டும். அதில் மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றினால் கண்ணெதிரே ரத்தச் சிவப்பாக மாறும். மேலே கொஞ்சம் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். தமிழ் வீடுகளில் இது வித்தையே இல்லை, ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது உலக அதிசயம்.

"ரகசியத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் மந்திரம் வேலை செய்யாது" என்றேன்.

"மம்மி கிட்டேகூடவா?"

"மம்மி கிட்டேகூடத்தான்."

டெல்லிப் பிள்ளைகள் சத்தியம் செய்கிற விதம் ஒன்று உண்டு. கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு "காட் ப்ராமிஸ்" என்பார்கள். அவளும் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, பொக்கை வாயால் காட் ப்ராமிஸ் சொன்னாள். நான் சிரித்தேன்.

மூன்றாவது மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அந்த அம்மாளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சொந்த ஃபிளாட், கல்யாண வயதில் ஒரு மகள். என்னைவிட அதிக வருஷம் டெல்லியில் இருந்தவர்கள். நாளெல்லாம் ஹிந்தி பேசி வாய் வலித்துப்போகிற ஊரில், படியேறினால் நம் பாஷையில் பேச ஒரு ஆள் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வெளியூரில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கறிவேப்பிலை வந்தால் எனக்குப் பாதி. ஊருக்குப் போனால் அவர்கள் வீட்டுச் சாவி என்னிடம். கூடப்பிறந்தவள் மாதிரி என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

என் கணவரின் அண்ணன் மகனுக்கு ஊரில் கல்யாணமாகி, புது மனைவியுடன் மணாலி போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தான். புதுப் பெண் முதல் தடவையாக வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறாள், சும்மா விடமுடியுமா? முக்கில் இருந்த பான் கடையில் சுண்ணாம்பு வாங்கி, தட்டில் ஆரத்தி கரைத்தேன். ஆரத்தி எடுக்க இரண்டு பெண்கள் வேண்டுமே, அக்காவைக் கூப்பிட்டேன். அவர்களும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இறங்கி வந்து, தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார்கள். நடுவில் வெற்றிலைமேல் சூடம் எரிய, இரண்டு பேரும் சேர்ந்துதான் சுற்றினோம். "நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்று பொட்டு வைத்துவிட்டதே அக்காதான்.

"போட்டது போட்டபடி நிக்காத. சூடம் அணையறதுக்குள்ள கீழ கொண்டுபோய் ஊத்திட்டு வா" என்றார்கள்.

போனேன். எங்கள் கேட்டுக்கு எதிரே மூன்று சந்துகள் கூடுகிற இடம். முச்சந்தியில் ஊற்றுவதுதான் வழக்கம் என்று, துளிக்கூட யோசிக்காமல் அங்கேயே ஊற்றினேன். சிமெண்ட் ரோட்டில் சிவப்பாகப் படர்ந்து நின்றது. அந்த நேரம் பார்த்து ஸ்கூல் வேனிலிருந்து இறங்கிய அந்தச் சிறுமி அதை மிதித்துவிட்டாள். வெள்ளை ஷூவில் சிவப்பு. பயப்படுவாளோ என்று பார்த்தால், என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்ட முயன்று இரண்டு கண்ணையும் சிமிட்டினாள். அது என்ன தண்ணீர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தைக் கிள்ளிக்காட்டிவிட்டு உள்ளே ஓடிப்போனாள்.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டு, இளநீர் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வார்டு வாசலிலேயே அவள் அம்மா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். இளநீரை நீட்டினேன், வாங்கவில்லை.

"ரெஹ்னே தோ" என்றாள். இருக்கட்டும் என்று. எப்போதும் ஒட்டிக்கொண்டு வருகிற 'தீதி' அதில் இல்லை.

பாவம், பிள்ளை படுத்திருக்கிற கவலை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் என் கணவர் போனைக் காட்டினார். கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். முச்சந்தியில் காய்ந்துபோன சிவப்புக் கறை, நடுவில் கருகிய வெற்றிலை. அதன் கீழே கேள்விமேல் கேள்வி. இதை ஊற்றியது யார்? எந்தக் குழந்தை மிதித்தது? ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை உள்ளே கூட்டிவைத்துக்கொண்டு அவள் என்ன செய்கிறாள்? கடைசியில் ஒருத்தி எழுதியிருந்தாள்: அவளுக்குத்தான் குழந்தை இல்லையே.

ஜாதூ டோனா என்கிறார்கள், அதாவது செய்வினை. நான், பிள்ளைக்குச் செய்வினை வைத்தேனாம்!

"நீ பேசாம உள்ள இரு. விளக்கம் சொல்லப் போனா இன்னும் பெரிசாகும்" என்றார் என் கணவர்.

"எதுக்குங்க நான் பேசாம இருக்கணும்? நான் என்ன திருடிட்டேனா?" என்று கத்தினேன். என் குணம் அப்படி. வாயை மூடிக்கொண்டு இருந்து எனக்குப் பழக்கமில்லை.

நல்லவேளையாகப் பிள்ளை பிழைத்து வீடு திரும்பினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டடத்துப் பெண்கள் நாலைந்து பேர் கீழ் வீட்டு வாசலில் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் பெயர் காதில் விழுந்தது. விறுவிறுவென்று சமையலறைக்குப் போய், ஒரு சொம்பில் மஞ்சள் கரைத்த தண்ணீர், சுண்ணாம்பு டப்பா, எலுமிச்சம்பழம், ஒரு கண்ணாடி டம்ளர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கண்ணெதிரே செய்து காட்டிவிட்டால் புரிந்துவிடும், சிரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட மூளை எனக்கு!

"பாருங்கள், இது உங்கள் வீட்டு மஞ்சள்தான். இது பான் கடைச் சுண்ணாம்பு. எங்கள் ஊரில் கல்யாணப் பெண்ணை வரவேற்கிற வழக்கம் இது" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் படபடவென்று சொல்லிக்கொண்டே தண்ணீரை ஊற்றினேன். குபுக்கென்று சிவந்தது. ஒருத்தி தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். இன்னொருத்தி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். இருங்கள், பழையபடி மாற்றிக் காட்டுகிறேன் என்று எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். அவ்வளவுதான், "நிம்பூ! நிம்பூ!" என்று ஒரே கூச்சல். எலுமிச்சம்பழத்தைக் கண்டால் அங்கேயும் அந்தப் பயம்தான். அவர்களைச் சொல்லி என்ன? எங்கள் ஊரிலும் முச்சந்தியில் எலுமிச்சம்பழம் கிடந்தால் நான் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

அப்போது மேலே படிக்கட்டு வளைவில் அக்கா நிற்பதைப் பார்த்தேன். கடவுளே வந்த மாதிரி இருந்தது.

"அக்கா, நீங்களே சொல்லுங்கக்கா! நீங்களும்தான தட்டைப் பிடிச்சீங்க? ஆரத்தின்னா என்னன்னு நீங்க சொல்லுங்கக்கா!"

எல்லோரும் அவர்கள் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் சொன்னால் எடுபடும். சொந்த வீட்டுக்காரர், அங்கே நிற்கிற எல்லோரையும்விடப் பழையவர், ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு. கீழ் வீட்டுக்காரி நேராகவே கேட்டாள், "ஆன்ட்டிஜி, உங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா?"

அக்கா என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்கள். அங்கே நின்ற பெண்களைப் பார்த்தார்கள். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"ஹமாரே கர் மே ஐஸா நஹீ ஹோத்தா" என்றார்கள். எங்கள் வீட்டில் இப்படியெல்லாம் கிடையாது. சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்கள்.

முகத்தில் அடித்தாற்போல என்பார்களே, அப்படி நின்றேன். கீழ் வீட்டுக்காரி விடுவிடுவென்று உள்ளே போனாள். மகளைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தாள். பிள்ளை வாடிப்போய், ஊசி குத்தின கையில் பிளாஸ்டரோடு நின்றாள். "நீயே கேள்! எத்தனை தடவை கேட்டுவிட்டேன், அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது, அவள் உன்னை வைத்து என்ன செய்தாள் என்று. வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்கிறாள். என் குழந்தையின் வாயைக் கட்டிவிட்டாய் நீ!" என்று அழுதாள்.

அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர். மெதுவாகக் கையைத் தூக்கி, கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

ஐயோ! எனக்கு அப்போதுதான் உறைத்தது. காய்ச்சலில் கிடந்தபோதும், அம்மா கேட்டுக் கேட்டு அழுதபோதும், இந்தப் பச்சைப்பிள்ளை எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது! பதறிப்போனேன். பதற்றத்தில் ஹிந்தி எங்கே வரும்? "சொல்லிடும்மா, சொல்லிடு கண்ணு, மஞ்சள்தான்னு சொல்லிடு, சுண்ணாம்புதான்னு சொல்லிடு!" என்று தமிழிலேயே கதறிவிட்டேன். பிள்ளை புரியாமல் விழித்தாள். அவள் அம்மாவோ நான் ஏதோ மந்திரம் ஜெபிக்கிறேன் என்று நினைத்து, மகளின் இரண்டு காதையும் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தினாள். கையில் சிவப்புத் தண்ணீரோடு நான் வெளியே நின்றேன். பின்னாலேயே வந்திருந்த என் கணவர்தான் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னை மேலே கூட்டிப்போனார்.

அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் என் கதவைத் தட்டவில்லை. நான் படியிறங்கினால் அம்மாக்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் புதிதாக எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. எதற்கு என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். கடைசியில் வீட்டுச் சொந்தக்காரர் வந்து, ரொம்ப மரியாதையாக, காலிசெய்து கொடுத்தால் நல்லது என்றார்.

சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார்கள். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வந்திருந்தார்கள். கையில் ஒரு டப்பா முறுக்கு.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காத. நான் என்ன பண்றது சொல்லு. பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம். இவங்ககூடத்தான காலம் பூரா இருக்கணும்? நீங்க வாடகைக்கு இருக்கவங்க, வேற எடம் பாத்துக்கலாம்" என்றார்கள்.

எனக்கு ஒரு கெட்ட வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது. முழுங்கிவிட்டேன். "ஒங்க பொண்ணு கல்யாணமாகி வரும்போது ஆரத்தி எடுப்பீங்கள்லக்கா? அன்னைக்கு எங்க கொண்டுபோய் ஊத்துவீங்க?" என்று மட்டும் கேட்டேன். அக்கா முறுக்கு டப்பாவை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்கள். நானும் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

டெம்போவில் சாமான் ஏற்றி முடிந்தது. கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். ஆனாலும் திரும்பினேன். கீழ் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அந்தச் சிறுமி நின்றிருந்தாள். முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. கை காட்டவில்லை, சிரிக்கவில்லை. கழுத்தைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, டெம்போ திரும்பும்வரை அப்படியே நின்றாள். ரகசியத்தைச் சொல்லிவிடு என்று ஹிந்தியில் கத்திவிட வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து அவள் அம்மாவின் வளைக்கை வந்து திரையை இழுத்துவிட்டது.

இப்போது நாங்கள் கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குடியிருப்பில் இருக்கிறோம். இங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கத்துகிறார்கள், நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். யார் வீட்டிலாவது ஆரத்தி எடுக்க மறுபக்கம் பிடிக்கக் கூப்பிட்டால், இடுப்பு வலி என்று சொல்லிவிடுகிறேன். அக்காவை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதுமில்லை. அதுகூட என்னை அவ்வளவாக வருத்தவில்லை. எல்லாம் தெரிந்த ஒரு பெரிய மனுஷி ஒரே வார்த்தையில் என்னை உதறிவிட்ட அதே வாசலில், தன் அம்மா அழுதும்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்ற அந்தக் குழந்தை, என்னால் திருப்பி வாங்க முடியாமல் போன அந்தச் சத்தியத்தை இன்னும் கழுத்தில் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறாளோ என்ற நினைப்புதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.